தானோவுக்கு அடித்த மணி

1949 சனவரி 9, ஞாயிறு

இந்த நோட்டில் நடந்ததை நடந்தபடியே எழுதுவேன். அழகுக்காக ஒரு சொல்லும் கூட்ட மாட்டேன். எனக்கு வெட்கமான விஷயமானாலும் விட மாட்டேன். நோட்டைக் கொடுத்த எங்கள் ஊர் ஆசிரியைக்கு அப்படித்தான் வாக்குக் கொடுத்திருக்கிறேன்.

நான் காசில்தா. வயது பன்னிரண்டு. ஊர்ப் பள்ளியில் இதற்கு மேல் வகுப்பு இல்லை. அதனால் அவிலா நகரத்தில் படிக்க வந்திருக்கிறேன். அம்மாவின் தங்கை ஒப்தூலியா சித்தி வீட்டில் தங்குகிறேன். வீடு என்றால் தெருவில் இல்லை. சித்தப்பா நிகாசியோ பேராலயத்தின் மணியடிப்பவர். மணிக்கோபுரத்தின் உள்ளேயே, மணிகளுக்குக் கீழே, அடுப்படியும் இரண்டு அறையும் அவர்களுக்கு.

படிகளை எண்ணிக்கொண்டே ஏறினேன். நூற்றேழு. சித்தியின் மகன் கயெத்தானோ, நாங்கள் தானோ என்போம், "நூத்தி ஒம்பது" என்றான். கீழ் வாசல்படியையும் மேல் வாசல்படியையும் அவன் சேர்த்து எண்ணுகிறான். வாசல்படி படியாகுமா? யோசித்துப் பார்த்தேன். ஆகும். ஆனால் அவனிடம் ஒப்புக்கொள்ளவில்லை.

சனவரி 10

பள்ளி. இலத்தீன் கடினம். நகர மதில் வாசல் காற்றில் காது மரத்துப்போனது.

சனவரி 14, வெள்ளி

சித்தப்பா என்னை "நோட்டரியம்மா" என்கிறார். "நோட்டரியம்மா, இன்னிக்கு நான் எத்தனை தடவை தும்மினேன், எழுதிட்டியா?" தானோ சிரித்துச் சிரித்து நாற்காலியிலிருந்து விழுந்தான். வரும் பிப்ரவரி 24 அன்று அவனுக்கு ஏழு வயது. ஏழானதும் முதல் நற்கருணை வாங்க மந்திரம் படிக்க வேண்டும், தனிக்கயிறு கிடைக்கும் என்று இரண்டையும் ஒரே மூச்சில் சொல்கிறான். கயிறு இழுக்க எனக்கு அவன்தான் கற்றுத்தந்தான். "இழுக்கிறது சுலபம். சரியான நேரத்துல விடணும். இல்லேன்னா உன்னையும் சேத்துத் தூக்கிட்டுப் போயிரும்." காலை மணிக்கு இப்போது நானும் உதவுகிறேன்.

இன்று புது விஷயம் ஒன்று தெரிந்துகொண்டேன். எங்கள் ஊரில் ஒரே மணி, எல்லாச் சாவுக்கும் அதுவே. இங்கே அப்படி இல்லை. பெரியவர் செத்தால் பெரிய மணியில் துக்க மணி, ஒற்றை ஒற்றையாக. ஏழு வயது நிரம்பாத பிள்ளை செத்தால் துக்க மணி கிடையாது, மகிமை மணி. சின்ன மணிகள் இரண்டையும் மாற்றி மாற்றி வேகமாக, திருநாள்போல அடிப்பார்கள். ஏனென்றால் பிள்ளைக்குப் பாவம் இல்லை, நேரே மோட்சம். அதற்கு இரண்டு ஆள் வேண்டும். ஒரு கயிறு சித்தப்பாவுக்கு, ஒன்று சித்திக்கு.

இன்று தச்சர் வீட்டுப் பெண்குழந்தை, எட்டு மாதம். சித்தி சுவரைப் பார்த்து நின்றுகொண்டு இழுத்தாள். முடிந்ததும் தச்சர் வீட்டுக்குப் போய், "வாழ்த்து. வானத்துக்கு ஒரு சம்மனசு போச்சு" என்று சொல்லிவிட்டு வந்தாள். அப்படித்தான் சொல்ல வேண்டுமாம். தாய் அழக்கூடாது. அழுதால், வானதூதராகிவிட்ட பிள்ளையின் இறக்கை நனைந்து பறக்க முடியாமல் போகும்.

"நிஜமாவே அந்தம்மா அழலையா சித்தி?" என்று கேட்டேன்.

"கொண்டைக்கடலையை ஊறப்போட்டியா இல்லையா?" என்றாள்.

சனவரி 22, சனி

திருட்டு! எனக்குப் பள்ளியில் இடம் வாங்கித் தந்த பேராலயப் பாதிரியார் தோன் லியாந்த்ரோ சாமிக்கென்று அம்மா அனுப்பிய சீமைமாதுளைப் பாகுக்கட்டியில் ஒரு மூலையைக் காணோம். பல் தடம் இருந்தது. சித்தி தானோவைக் கூப்பிட்டாள்.

"நாரை வந்து தின்னுச்சு" என்றான்.

சித்தப்பா விழுந்து விழுந்து சிரித்தார். "அடேய், நாரையெல்லாம் இன்னும் ஆப்பிரிக்காவுல இருக்குடா! அடுத்த மாசம் பிளாசியார் திருநாளுக்குத்தான் வரும். பொய் சொன்னாலும் பஞ்சாங்கம் பாத்துச் சொல்ல வேணாமா?"

தானோ காது சிவக்க நின்றான். சிரிக்கவில்லை.

சனவரி 23

பூசை முடிந்து படியேறும்போது தானோ பாதியில் உட்கார்ந்துவிட்டான். "நான்தான் தின்னேன். சாமியோடதுன்னு தெரிஞ்சே தின்னேன்" என்று அழுதான். நேற்று இரவு தூங்கவில்லையாம். அம்மாவிடம் சொல் என்றேன். சொன்னான். சித்தி அவனை அடிக்கவில்லை. முகத்தைத் துடைத்துவிட்டாள். அவ்வளவுதான்.

சனவரி 30

தானோவுக்குக் குரல் கட்டியிருக்கிறது. "மணியோட போட்டி போட்டுக் கத்தினா இப்படித்தான்" என்றார் சித்தப்பா.

பிப்ரவரி 3, வியாழன். பிளாசியார் திருநாள்

தொண்டைக்குப் பாதுகாவலர் பிளாசியார். அவர் பீடத்தில் மந்திரித்த நாடாவை நான்தான் வரிசையில் நின்று வாங்கி வந்தேன். சிவப்பு நாடா. தானோ கழுத்தில் சித்தி கட்டினாள். கழுத்து வீங்கியிருப்பதால் தளர்வாகக் கட்டினாள்.

நண்பகலில் இந்த வருடத்தின் முதல் நாரை வந்து கோபுரத்தின் பழைய கூட்டில் இறங்கியது. சித்தப்பா தானோவைக் கம்பளியோடு தூக்கிச் சன்னலில் காட்டினார். அவன் மூச்சு விசில்போலச் சத்தம் போட்டது. நாரையைப் பார்த்துவிட்டு என் பக்கம் திரும்பி, குரலே இல்லாமல், உதட்டால் மட்டும் சொன்னான்: "அதுதான் தின்னுச்சு."

பிப்ரவரி 4

மருத்துவர் இரண்டு முறை ஏறி வந்தார். தொண்டை அடைப்பான். ஊசி போட்டார். நான் அவன் அறைக்குள் போகக்கூடாது, பள்ளிக்கும் போகக்கூடாது. எனக்கு மேலே மணிக்கயிறு தொங்கும் அறையில் படுக்கை போட்டிருக்கிறார்கள். இலத்தீன் புத்தகத்தைத் திறந்து வைத்திருக்கிறேன். ஒரு வரியும் படிக்கவில்லை.

பிப்ரவரி 5

மூச்சுச் சத்தம் இங்கே வரை கேட்கிறது.

பிப்ரவரி 6, ஞாயிறு

பாட்டுப்பூசை நடந்துகொண்டிருந்தது. நற்கருணையைத் தூக்கிக் காட்டும் நேரத்துக்கு மணியடிக்கச் சித்தப்பா மேலே ஓடினார். அடித்துவிட்டு இறங்கி வந்தபோது தானோ இறந்துபோயிருந்தான்.

என்னால் இதற்கு மேல் —

அதே நாள், மாலை

எழுதுவேன் என்று சொன்னேன். எழுதுகிறேன்.

சித்தி அவனுக்கு வெள்ளைச் சட்டை போட்டாள். சித்தப்பா அடுப்படியில் நின்றுகொண்டு, "நாளைக்கு நாலு மணிக்கு எடுக்கிறாங்க. மகிமை மணி கால் மணி நேரம் அடிக்கலாம்னு தோன் லியாந்த்ரோ சாமி சொல்லியனுப்பியிருக்கார். ஒரு பிரபு வீட்டுப் பிள்ளைக்கு அடிக்கிற மாதிரி, ஒப்தூலியா" என்றார். பெருமையாகத்தான் சொன்னார். அவர் முகம் சாம்பல் நிறமாக இருந்தது.

சித்தி நிமிராமலே, "அடிக்கக் கூடாது" என்றாள்.

"என்னது?"

"பன்னெண்டு வருஷமா ஊரு பிள்ளைங்களுக்கெல்லாம் நான் இழுத்தேன். இழுத்துட்டு நேரா அந்த வீட்டுக்குப் போயி வாழ்த்துன்னு சொன்னேன். ஒருத்தி முகத்தைக்கூட நிமிந்து பாக்கலை. என் பிள்ளைக்குத் துக்க மணி அடி. பெரிய மணி."

"ஏழு ஆகலையே!"

"பதினெட்டு நாள்தான் குறையுது."

"பதினெட்டு நாளோ ஒரு நாளோ. ஏன்டி, நீ அழணுங்கிறதுக்காக அவன் இறக்கையை நனைப்பியா?"

"அந்த மணியை நீ அடிச்சா, நான் இறங்கிப் போயிருவேன், இந்தப் படி திரும்ப ஏற மாட்டேன்."

அவர்கள் இப்படிப் பேசி நான் கேட்டதே இல்லை.

பிப்ரவரி 7, திங்கள்

காலையில் சித்தி கறுப்புச் சால்வை போர்த்திக்கொண்டு கீழே இறங்கினாள். சித்தப்பா பின்னால் போனார். நானும் போனேன். யாரும் கூப்பிடவில்லை.

தோன் லியாந்த்ரோ சாமி தன் அறையில் கணப்புக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். எழுந்து வந்து சித்தியின் கையைப் பிடித்தார். நல்லவர். அதையும் எழுத வேண்டும்.

சித்தி சொன்னாள்: "சாமி, என் பிள்ளை சம்மனசு இல்லை. பொய் சொன்னவன். திருடித் தின்னவன். அது தப்புன்னு தெரிஞ்சு ராத்திரி தூங்காம கிடந்தவன். அவனுக்குப் புத்தி வந்திருச்சு, சாமி. பெரியவங்களுக்கு அடிக்கிற மணியை அடிக்கச் சொல்லுங்க."

சாமி நாற்காலியில் திரும்ப உட்கார்ந்தார். "பெத்தவங்க எல்லாரும் எங்கிட்ட வந்து, என் பிள்ளை ஒரு பாவமும் அறியாதுன்னுதான் சொல்லுவாங்க. நீ ஒருத்திதான் இப்படி வந்து நிக்கிற" என்றார்.

சித்தப்பா தாங்க முடியாமல் கத்தினார். "மோட்சத்துக்குப் போறவனைப் பிடிச்சு, பாவத்துக்கு வேகுற உத்தரிக்கிற ஸ்தலத்துல தள்ளுறா, சாமி! பெத்தவளே தள்ளுறா!"

"தள்ளலை" என்றாள் சித்தி. அவள் குரல் மிகவும் சின்னதாகிவிட்டது. "அங்க இருந்தான்னா அவன் சீக்கிரம் கரையேற நான் செபம் பண்ணலாம். பூசை வைக்கலாம். நேரா மோட்சத்துக்குப் போயிட்டா... அவனுக்குன்னு நான் செய்யிறதுக்கு இனி ஒண்ணுமே இல்லையே."

சாமி என்னைப் பார்த்தார். "நீ அந்த வீட்டுலதானே இருக்க? அவ சொல்றது நிஜமா?"

நான் சொன்னேன். பாகுக்கட்டி, நாரை, படியில் அழுதது, "சாமியோடதுன்னு தெரிஞ்சே தின்னேன்" என்றது, எல்லாம். செத்த பிள்ளையைக் காட்டிக்கொடுக்கிறேன் என்று தோன்றியது. அவனைப் பற்றிப் பேசிக்கொண்டே இருக்க வேண்டும் என்றும் தோன்றியது.

சாமி கணப்பைக் கிளறிவிட்டு, "என்னோட பாகுக்கட்டியா?" என்றார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். ரொம்ப நேரம் துடைத்தார்.

பிறகு சொன்னார்: "திருச்சபை ஏழுன்னு ஒரு கோடு போட்டிருக்கு, ஒப்தூலியா. அந்தக் கோட்டைத் தள்ளி வைக்க எனக்கு அதிகாரம் இல்லை. இன்னிக்கு உனக்காகத் தள்ளி வச்சா, நாளைக்கு இன்னொருத்திக்கு என்ன சொல்லுவேன்? மகிமை மணிதான். நானே வெள்ளை உடுப்புல வந்து அவனை அடக்கம் பண்றேன்."

சித்தி அவர் கையை முத்தமிட்டுவிட்டுப் படியேறினாள்.

பிப்ரவரி 8

நேற்று மாலையில் நடந்ததை நேற்றே எழுத முடியவில்லை. இன்று எழுதுகிறேன்.

நாலு மணிக்கு வெள்ளைப் பெட்டி பேராலய வாசலை விட்டுப் புறப்பட்டது. பெண்கள் கல்லறைக்குப் போகும் வழக்கம் இல்லை. சித்தி அடுப்படியில் இருந்தாள். சித்தப்பாவும் போகவில்லை. மணியடிக்க அவரை விட்டால் வேறு ஆள் இல்லை. பிள்ளையின் பெட்டிக்குப் பின்னால் அவருடைய மைத்துனர்கள் போனார்கள்.

"வா. அவ வர மாட்டா. நீ பிடி" என்றார் சித்தப்பா.

போனேன். சித்தியின் கயிற்றைப் பிடித்தேன். கை படும் இடம் வழுவழுவென்று தேய்ந்திருந்தது. சாளரப் பிளவு வழியே பெட்டி மதில் வாசலை நெருங்குவது தெரிந்தது. மேலே இருந்து பார்க்க ரொட்டி வைக்கும் பலகை அளவுதான் இருந்தது.

சித்தப்பா சிலுவை போட்டுக்கொண்டு இழுத்தார். முதல் மணி அடித்தது. அடுத்தது என்னுடையது.

நான் இழுக்கவில்லை.

அவர் திரும்பிப் பார்த்தார். திரும்ப இழுத்தார். ஒரு அடி, அப்புறம் என் அடிக்கு உரிய இடம், அதில் ஒன்றுமில்லை. கீழே அடுப்படியில் எந்தச் சத்தமும் இல்லை. மூன்றாவது முறை. "காசில்தா!" என்றார். நான் கயிற்றைப் பிடித்துக்கொண்டே நின்றேன். நாலாவது. ஐந்தாவது. அதற்கு மேல் அவர் என்னைப் பார்க்கவில்லை. ஆனால் அவர் வேகத்தைக் கூட்டவும் இல்லை. ஒவ்வொரு முறையும் பதிலுக்கு இடம் விட்டு, அது வராமல் போவதைக் கேட்டுவிட்டு, அடுத்ததை இழுத்தார். கால் மணி நேரமும் அப்படியே. அவர் முகம் முழுக்க நனைந்திருந்தது. துடைக்க ஒரு கை இல்லை.

வேண்டுமென்றே இழுக்காமல் இருந்தேனா? இல்லை, கை வரவில்லையா? இதை உண்மையாக எழுத வேண்டும் என்று காலையிலிருந்து உட்கார்ந்திருக்கிறேன். முதல் முறை கை வரவில்லை. இரண்டாவது முறை வந்தது. இழுத்திருக்கலாம். அதற்குப் பிறகு எல்லாம் வேண்டுமென்றே.

அதே நாள், பின்னர்

மணி ஓய்ந்ததும் ஊரில் குழப்பமாம். ரொட்டி வரிசையில் நின்றவர்களுக்கு அது என்ன மணி என்றே தெரியவில்லை. பெரியவர்களுக்கு அடிக்கும் துக்க மணியும் இல்லை. சின்ன மணி, ஆனால் மகிமை இல்லை. சிலர் தொப்பியைக் கழற்றினார்களாம், சிலர் கழற்றி, திரும்ப மாட்டி, மறுபடி கழற்றினார்களாம். இதைச் சொன்னவள் ரொட்டிக்கடை திபுர்சியா. பருத்த உடம்பு. நேற்று முதலில் ஏறி வந்தவள் அவள்தான். வாசலில் நின்று மூச்சு வாங்கினாள்.

"ஏன்டி ஒப்தூலியா, வாழ்த்துச் சொல்றதா, அழறதான்னு தெரியாமலே நூறு படி ஏறி வந்திருக்கேன். ரெண்டுல எதுன்னு நீயே சொல்லிரு."

சித்தி அவளைப் பார்த்தாள்.

"அழு" என்றாள்.

திபுர்சியா அப்படியே அடுப்புக்குப் பக்கத்தில் உட்கார்ந்து அழுதாள். சித்தியும் அழுதாள். ஞாயிற்றுக்கிழமையிலிருந்து அதுதான் முதல் தடவை. பிறகு தச்சரின் மனைவி வந்தாள், எட்டு மாதப் பிள்ளையைப் பறிகொடுத்தவள். அவள் ஒன்றும் கேட்கவில்லை. வாசலிலேயே அழ ஆரம்பித்துவிட்டாள்.

சித்தி இறங்கிப் போகவில்லை.

பிப்ரவரி 13, ஞாயிறு

சித்தப்பா என்னோடு ஆறு நாளாகப் பேசவில்லை. நோட்டரியம்மா என்றும் கூப்பிடவில்லை. காலை மணிக்கு நான் போனால் கயிற்றைத் தானே எடுத்துக்கொள்கிறார்.

இன்று தோன் லியாந்த்ரோ சாமி அவரைக் கூப்பிட்டனுப்பினார். நான் செய்ததை நானே சொல்ல வேண்டும் என்று பின்னால் போனேன். கதவுக்கு வெளியே நின்றேன்.

"அன்னிக்கு என்ன அடிச்ச, நிகாசியோ?"

"மகிமை மணிதான் சாமி."

"எனக்குக் கேட்டது அப்படி இல்லையே."

"பாதி, சாமி. மீதிக்கு ஆள் இல்லை."

நான் உள்ளே போகக் காலெடுத்தேன். சித்தப்பா திரும்பாமலே, கதவுப் பக்கம் கையை நீட்டி, நில் என்று காட்டினார்.

சாமி கணப்பில் ஒரு விறகைப் போட்டார். பிறகு, "ஆள் இல்லேன்னா என்ன செய்யிறது. போ" என்றார்.

படியேறும்போது சித்தப்பா பாதியில் உட்கார்ந்தார். நானும் இரண்டு படி கீழே உட்கார்ந்தேன். அவர் சொன்னார்: "அவ சொன்னதை அப்போ நான் கேக்கலை. அவனுக்குச் செய்யிறதுக்கு ஒண்ணுமில்லைன்னாளே, அதை. எனக்குக் கயிறாவது இருந்திச்சு."

அவர் எழும் வரை நானும் எழவில்லை.

பிப்ரவரி 24

இன்று தானோவுக்கு ஏழு. சித்தி காலைப் பூசைக்குப் போனாள். சித்தப்பாவும் கூடப் போனார்.

மார்ச் 20, ஞாயிறு

ஈஸ்டருக்கு முந்திய தபசு காலத்தின் நடு. பனி உருகி மதிலிலிருந்து சொட்டுகிறது.

திபுர்சியாவின் மகள் வயிற்றுப் பேரன் நேற்று இறந்துபோனான். மூன்று மாதம். இன்று மாலை அடக்கம். பேராலயத்திலிருந்து மகிமை மணி அடிக்கச் சொல்லி ஆள் வந்தான். சித்தப்பா வந்தவனை அனுப்பிவிட்டு, கோட்டை மாட்டினார், மறுபடி கழற்றினார். என்னைக் கூப்பிட்டார்.

"நோட்டரியம்மா. இறங்கிப் போயி அந்தப் பிள்ளையோட தாயைக் கேட்டுட்டு வா. முழுசா அடிக்கவா, பாதி அடிக்கவான்னு. வேற யார்கிட்டயும் கேக்காத. அவ புருஷன்கிட்டயும் கேக்காத."

ஓடினேன். ரொட்டிக்கடைக்கு மேல் வீடு. தாய்க்கு இருபது வயதுகூட இருக்காது. பெயர் பெலிசா. தொட்டிலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். நான் கேட்டதும் முதலில் புரியவில்லை. இரண்டாம் முறை சொன்னேன். அவள் என் கையைப் பிடித்தாள்.

"முழுசா அடிக்கச் சொல்லு. ரெண்டு மணியும். நல்லா சத்தமா. அவன் போற இடம் எனக்குத் தெரியணும். இல்லேன்னா நான் எப்படி இருப்பேன்?"

ஏறி வந்து சொன்னேன். சித்தப்பா தலையை ஆட்டினார். அவர் என்னையும் பார்க்கவில்லை, சித்தியையும் பார்க்கவில்லை. பார்க்காமல் இருக்க முயன்றார் என்று நினைக்கிறேன். "நீ வர்றியா?" என்று என்னைக் கேட்டார்.

சித்தி கடலையில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தாள். தட்டை என் மடியில் வைத்தாள். சால்வையை இடுப்பில் முடிந்துகொண்டாள்.

"இவ கை இன்னும் பழகலை" என்றாள். மேலே போனாள்.

நான் அடுப்படியில் இருந்தேன். இரண்டு மணியும் கேட்டன. கூரை அதிர்ந்தது. தட்டில் கடலை நடுங்கியது. எங்கேயும் இடைவெளி இல்லை. ஒரே ஒரு இடத்தில் மட்டும், நடுவில், இரண்டாவது மணி தாமதமாக வந்தது. பிறகு சேர்ந்துகொண்டது.

இறங்கி வந்து இருவரும் சூப் குடித்தார்கள்.

"ஒரு அடி பிந்திட்ட" என்றார் சித்தப்பா.

"தெரியும்" என்றாள் சித்தி.

பிறகு சால்வையைப் போர்த்திக்கொண்டு பெலிசாவைப் பார்க்கப் போய்விட்டு வந்தாள். அங்கே என்ன சொன்னாள் என்று கேட்டேன். "ஒண்ணும் சொல்லலை. பக்கத்துல உக்காந்திருந்தேன்" என்றாள். உள்ளங்கை கயிறு உராய்ந்து சிவந்திருக்கிறது. ஒலிவ எண்ணெய் தடவிக்கொண்டிருக்கிறாள். நாளை இலத்தீன் தேர்வு, போய்ப் படு என்கிறாள். இந்த வரியை முடித்துவிட்டு என்கிறேன். முடிக்கவில்லை, விளக்கை அணைத்துவிட்டாள், இதை இருட்டில் எழுதுகிறேன்.